ரோட்டைப் பார்த்த மண்டபம்

9 பிப்ரவரி 1984, வியாழன்

விறகு ஈரம். பேக்கரி அடுப்பு புகைந்து, பன் எல்லாம் ஒரு பக்கம் கருகிப் போயிற்று. அதை மறைக்க என் வீட்டுக்காரர் பள்ளிவாசல் பேச்சை எடுத்தார். அந்தப் பேச்சை எடுத்தால் நான் பன்னை மறந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். மறந்துதான் போனேன்.

நேற்று ஜமாஅத் கூட்டத்தில் காசிம் அண்ணன் சொன்னாராம்: "அந்த ஞானசுந்தரம் போட்ட பிளான் நமக்கு ஆகாதுங்க. மேல உருண்டையா குப்பா இல்ல, மினாரா இல்ல. எஸ்டேட் பங்களா மாதிரி ஓட்டுக்கூரை. வெளியூர்க்காரன் பாத்தா பள்ளிவாசல்னு சொல்லுவானா?"

எஸ்டேட் பங்களா ஒழுகுவதில்லையே, அண்ணா! பழைய பள்ளிவாசல் தளம் ஒழுகி, தொழவைக்கிற ஹஜ்ரத் இரண்டு பக்கமும் வாளி வைத்துக்கொண்டு பயான் பேசிய கூத்து மறந்துபோயிற்றா? ஏற்காட்டில் பெய்கிற மழைக்குச் சரிந்த கூரைதான் நிற்கும். இதென்ன சேலத்துக் கடைவீதியா?

என் கூடப்பிறந்த அண்ணன்தான் ஜமாஅத் தலைவர். கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். மலைக்காரர்களின் ஆரஞ்சு, மிளகு, காப்பி எல்லாம் அவர் தராசில் ஏறித்தான் கீழே போகும். அவர் பேச்சுக்கு மறுபேச்சு இந்த ஊரில் கிடையாது. ஆனால் பள்ளிவாசல் கட்டுகிற இடம் என்னுடையது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அத்தா எனக்கென்று விட்டுப்போன இடம். அல்லாஹ்வுக்காகக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். முன்னால் ஒரு மண்டபம் வேண்டும், அதற்குக் கதவு கூடாது. எந்தச் சாதியோ எந்த மதமோ, ஆணோ பெண்ணோ, மழைக்கு ஒதுங்கி வருகிறவர்கள் அங்கே உட்காரவேண்டும். அண்ணன் உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள். இப்போது பிளானே வேண்டாமாம்!

12 பிப்ரவரி

மண்டபத்துக்கு ஏன் இப்படி ஒற்றைக் காலில் நிற்கிறாய் என்று என் மகள் நசீமாவே கேட்டுவிட்டாள். எட்டு வயது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

அவளால்தான். அவளுக்கு ஞாபகமில்லை. நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்து, சேலத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினோம். ஐப்பசி மழை, காற்று வேறு. டீக்கடை பெஞ்சு முழுக்க ஆம்பளைகள். பள்ளிவாசல் வாசலில் போய் நின்றேன். பாங்கு சொல்லும் மோதினார் எட்டிப் பார்த்து, "பொம்பளைங்க இங்க நிக்கக் கூடாதுங்கம்மா" என்றார். அல்லாஹ்வின் வீட்டு வாசலில்! தோளில் அனலாகக் கொதிக்கும் பிள்ளையோடு! கடைசியில் சர்ச் தாழ்வாரத்தில்தான் ஒதுங்கினோம். உபதேசியார் மனைவி சாந்தாமேரி பாய் விரித்து, சுக்குக்காப்பி வைத்துக் கொடுத்தாள். என்னை யார் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் எனக்குச் சிநேகிதி. அன்றிலிருந்து எனக்கு இந்தக் கோபம்.

3 மார்ச்

ஞானசுந்தரம் பிளானைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். மிஷன் ஸ்கூல் வாத்தியார் மகன், சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்திருக்கிறான். என் வீட்டுக்காரர் மாவு மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். அதன்மேல் விரித்தான்.

"ரோடு ஒரு பக்கம் போகுதுங்க்கா, நீங்க பாத்துத் தொழுகற கிப்லா ஒரு பக்கம் இருக்குது. தொழுகைக் கூடத்தைக் கிப்லாவுக்குத் திருப்பிட்டேன். அப்ப ரோட்டுக்கும் கூடத்துக்கும் நடுவால கோணலா ஒரு இடம் மிஞ்சுதுங்க பாருங்க. அதுதான் மண்டபம். கருங்கல் தூணு, சுத்தியும் கல் பெஞ்சு. பின்பக்கம் மட்டும் ஓட்டை ஓட்டையா ஜாலிச் சுவரு. மேகம் உள்ள வந்துட்டுப் போகட்டும்."

ஒரு கிறிஸ்தவப் பையனுக்குப் புரிந்தது, என் கூடப் பிறந்தவருக்குப் புரியவில்லை. அந்தக் கோணல் இடத்தில் அண்ணன் கடைகள் கட்டி வாடகைக்கு விடச் சொன்னாராம். ஜமாஅத்துக்கு வருமானமாம். வெட்கமாயில்லையா?

17 மார்ச்

பிளான் ஜெயித்துவிட்டது! நேற்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கூட்டம். குப்பாவா, ஓடா என்று அடித்துக்கொண்டார்களாம். கடைசியில் ஹஜ்ரத் வாய் திறந்து, "எனக்கு இனிமே வாளி வேண்டாம்" என்றாராம். அவ்வளவுதான், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தாராம். சிரித்துவிட்டால் அப்புறம் எதிர்க்க முடியாது.

6 ஆகஸ்ட்

கட்டட வேலை மழையால் நின்றிருக்கிறது. ஊரில் இன்னொரு முணுமுணுப்பு. "பாய்ங்க பெஞ்சு போட்டு எல்லாரையும் உள்ள இழுக்கப் பாக்கறாங்க" என்று டீக்கடையில் யாரோ சொன்னானாம். உட்கார்ந்தால் மதம் ஒட்டிக்கொள்ளுமா? நான் சர்ச் தாழ்வாரத்தில் சுக்குக்காப்பி குடித்தேனே, எனக்கென்ன ஞானஸ்நானமா ஆகிவிட்டது?

22 டிசம்பர்

ஓடு போட்டு முடிந்தது. பேக்கரி ஜன்னலிலிருந்தே தெரிகிறது. அழகு. வேறென்ன எழுத.

12 ஏப்ரல் 1985, வெள்ளி

இன்று திறப்பு விழா.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவ்வளவு கோபம்.

விடியும்போதே எங்களையெல்லாம், ஜமாஅத்துப் பெண்களை, பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். பிரியாணிச் சட்டிகள் அங்கே. தார்ப்பாய் கட்டி அதற்கடியில் வெங்காயம் உரி, இஞ்சி தட்டு. சரி, விருந்தென்றால் வேலை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் முன்னால் போகலாம் என்று முகம் கழுவி, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினால் மோதினார் குறுக்கே வந்து நிற்கிறார். "பெரியவரு, உங்கண்ணன்தான், பின்னாடியே இருக்கச் சொன்னாருங்கம்மா."

திரும்பிவந்து ஜாலிச் சுவரின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மண்டபம் நிறைய ஆள். பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார். கான்வென்ட் சிஸ்டர்கள் நாலைந்து பேர். தலைச்சோலை மலைக்கிராமத்து ஊர்க்கவுண்டர் வெங்கடாசலம் தலைப்பாகையோடு. சந்தைக்கு வரும் மலைக்காரப் பெண்கள் குழந்தை குட்டிகளோடு கல் பெஞ்சில். யாரோ டூரிஸ்ட் தம்பதி, அந்த அம்மாள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நடு பெஞ்சில்! சாந்தாமேரி கழுத்தை வளைத்து வளைத்து என்னைத் தேடுகிறாள். நானோ சுவருக்கு இந்தப் பக்கம், ஓட்டை வழியாக.

அண்ணன் மைக்கில் பேசினார். "இந்த எடத்துக்கு வர்ற யாரையும் நீங்க யாருன்னு கேக்க மாட்டோம். சாதி இல்ல, மதம் இல்ல. எல்லாரும் வரலாம், உக்காரலாம்." கைதட்டல். இடம் கொடுத்த தங்கையைப் பற்றியும் நல்லபடியாகவே சொன்னார். பெயர் மட்டும் சொல்லவில்லை. சபுரா என்று மூன்றெழுத்து வாயில் வராதா?

அடேயப்பா! ஊர் உலகம் எல்லாம் உட்காரலாம், நாங்கள் மட்டும் கூடாது.

என் பக்கத்தில் நின்று பல்கீஸ் அண்ணியும் ஓட்டை வழியாகப் பார்த்தார். அண்ணனின் மனைவி. "நல்லாக் கட்டியிருக்காங்க, இல்ல?" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

14 ஏப்ரல்

அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கத்தினேன் என்றுதான் எழுதவேண்டும்.

"நாஞ் சொன்ன பேச்சு என்ன, நீங்க பண்ணியிருக்கறது என்ன? பொம்பளைங்களும் உக்காரலாம்னு தலையாட்டினீங்களா இல்லையா?"

"பொம்பளைங்க உக்காந்துட்டுத்தான இருக்காங்க? நீயே பாத்தியே, எத்தன பேரு."

"நம்ம பொம்பளைங்க?"

"அவங்க விருந்தாளிங்க, சபுரா. அவங்க வழக்கம் அவங்களுக்கு. நம்ம ஊட்டுப் பொம்பளைங்க பஸ் ஸ்டாண்டைப் பாத்துக் குந்தியிருந்தா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பான், யாரு எடுப்பான்? நொம்பப் பேசாத. உள்ள போய் டீ குடி."

டீ வேண்டாம் என்று வந்துவிட்டேன். விருந்தாளியாம்! சொந்த இடத்தில் உட்காருவதற்கு நான் முதலில் அந்நியப் பெண்ணாக மாறவேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

29 ஏப்ரல்

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். "அனைத்துச் சமூகத்தினரும் கூடும் புதுமைப் பள்ளிவாசல்." என் வீட்டுக்காரர் ஆசையாக வாசித்துக் காட்டினார். அந்த அனைத்தில் நான் எங்கே என்று கேட்டேன். பேப்பரை மடித்துப் பொட்டலம் கட்டும் காகிதத்தோடு வைத்துவிட்டார்.

1 ஜூன்

நோன்பு. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் நாங்கள் பின்பக்கம் கஞ்சி காய்ச்சுகிறோம். முன்பக்கம் மண்டபத்தில் யார் பாத்திரம் கொண்டுவந்தாலும் ஊற்றுகிறார்கள். கூலியாட்கள், பஸ் டிரைவர், கண்டக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். அது நல்ல காட்சி. பொய் சொல்லக் கூடாது, மனசு நிறைகிறது.

சாந்தாமேரி தூக்குச்சட்டியோடு வந்தாள். வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காராமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, என் பக்கத்தில் தரையில் குந்தினாள். "முன்னால போ, அங்க காத்து வருது" என்றேன். "நீ இல்லாத எடத்துல எனக்கென்ன காத்து" என்றாள். வெங்காயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

21 ஜூலை, ஞாயிறு

நசீமாவுக்குப் பல்வலி. சேலத்துக்குப் பஸ்ஸுக்காக நின்றபோது தூறல் பிடித்தது. மண்டபத்தில் ஏறி உட்கார்ந்தேன். என்ன ஆகிவிடும், பார்ப்போம் என்று.

மோதினார் ஓடிவந்தார். பாவம், அவரைச் சொல்லி என்ன. "ஊட்டுக்குப் போயிருங்கம்மா, பெரியவரு பாத்தா என்னத்தான் வெய்வாரு." நான் அசையவில்லை. அவர் உள்ளே போய் அண்ணனையே கூட்டிவந்தார். அண்ணன் நசீமாவின் கையைப் பிடித்தார். "வா கண்ணு, மாமன் மண்டியில உக்காரலாம்" என்று கூட்டிக்கொண்டு நடந்தார். பிள்ளை போனால் நான் போகத்தானே வேண்டும்?

மண்டபத்தில் இருந்த மலைக்காரப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியாயியும் இருந்தாள். தலைச்சோலையிலிருந்து சந்தைக்குச் சாமையும் கொய்யாவும் கொண்டுவருபவள். திரும்பிப் போகும்போது எங்களிடம் ரஸ்க் வாங்குவாள். அவள் முன்னால் இப்படி ஒரு அவமானம்.

28 ஜூலை

காளியாயி ரஸ்க் வாங்க வந்தாள். "ஏனுங்கம்மா, அந்த மண்டபம் உங்க எடந்தானுங்களே? போன சந்தைக்கு ஏனுங்க உங்கள எழுப்பி உட்டாங்க?" என்று கேட்டாள்.

அன்றைக்கென்று என் வாயில் சனி. "எனக்கில்லாத எடத்துல நீங்க மட்டும் எப்படித்தான் குந்தறீங்களோ, போய் நல்லாக் குந்துங்க!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சுருங்கியது. ரஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் என்ன பாவம் செய்தாள்? எனக்கு யார்மேல் கோபம், நான் யாரைக் கடிக்கிறேன்? சீ.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மழை. அப்படி ஒரு மழை. பேக்கரி ஜன்னலில் பார்த்தால் தலைச்சோலைப் பெண்கள் எல்லாரும் ரோட்டில் நிற்கிறார்கள். தலையில் கோணிச்சாக்கு. முதுகில் பிள்ளைகள். எதிரே மண்டபம் வாயைத் திறந்துகொண்டு காலியாக இருக்கிறது. மோதினார் கையை ஆட்டிக் கூப்பிடுகிறார், ஒருத்தி நகரவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். "காளியாயி, எம்மேல கோவமா? தெரியாமச் சொல்லிட்டேன். மேல ஏறு, பிள்ளை நனையுது."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க சொன்னது மெய்தானுங்களே. ஊட்டுக்காரம்மாவ வெளிய நிறுத்திப்போட்டு நாங்க உள்ள குந்தறது எங்க பக்கத்துல மொறையில்லீங்க. ஊருல போய்ச் சொன்னேன். யாரும் குந்தக் கூடாதுன்னுட்டாங்க."

"நான் சும்மா சொன்னதுடீ!"

"நாங்க சும்மா எடுத்துக்கலீங்களே."

பஸ் வரும்வரை நின்றார்கள். நானும் நின்றேன். வேறென்ன செய்ய?

1 செப்டம்பர்

இந்தச் சந்தைக்கும் அதே கதை. சாந்தாமேரியைப் பேசிப் பார்க்கச் சொன்னேன். அவள் பேசப் போய், அவர்கள் சொன்ன நியாயத்தைக் கேட்டுவிட்டு அவர்களோடேயே நின்றுவிட்டாள். இவளை அனுப்பினேனே, என்னைச் சொல்லவேண்டும்.

அண்ணனுக்குக் காரணம் விளங்கவில்லை. யாரோ எதிராளி மலைக்காரர்களைத் தூண்டிவிடுகிறான் என்று மண்டியில் உட்கார்ந்து ஆராய்ச்சி நடக்கிறதாம். வீட்டுக்குள் பார்க்கத் தோன்றாது. ஆம்பளை ஆராய்ச்சி.

6 அக்டோபர், ஞாயிறு

சென்னையிலிருந்து கட்டடக்கலைப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், பெரிய கேமராவோடு. ஞானசுந்தரம்தான் கூட்டிவந்தான். எல்லாச் சமூகமும் கூடும் இடம் என்று எழுதப்போகிறார்களாம். கூடுகிறவர்கள் எதிர்ச்சாரியில் நிற்கிறார்கள்! இன்றைக்காவது அண்ணன் மானம் போகும் என்று ஜன்னலில் நின்று காத்திருந்தேன். ஆமாம், ஆசையாகத்தான் காத்திருந்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? அவர்களுக்கு ஏக சந்தோஷம். ஆளில்லாத மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஜாலி வழியாக வெளிச்சம் விழுவதை ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தார். பெஞ்சில் தூங்கிய நாயை விரட்டிவிட்டார்கள். அண்ணன் வெள்ளைத் தொப்பியோடு தூணருகில் நின்று சிரிக்கிறார்.

போகும்போது ஞானசுந்தரம் பேக்கரிக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "ஆளு இல்லாம இருந்தாத்தான் தூணு நல்லாத் தெரியுமாங்க்கா" என்றான்.

"அப்ப ஆளுக்கு எதுக்குடா பெஞ்சு போட்டே?" என்றேன். அவனையும் கடித்தாயிற்று.

13 அக்டோபர்

இன்று நடந்ததை எழுத எங்கே தொடங்குவது? சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

காலையில் வெங்கடாசலக் கவுண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பெரியவர்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம். என் வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பெஞ்சைத் துடைத்தார்.

"மீரான் பாய், குடும்பத்து வெவகாரத்துல தலையிடறேன்னு நெனைக்கப்படாது. அண்ணந் தங்கச்சிக்குள்ள பாகத்தகராறு எந்த ஊட்டுலயும் வர்றதுதான். பொறந்தவள வெளிய தள்ளிவெச்சா அந்த ஊட்டுக்கு நல்லதில்லீங்க. நாங்க பேசி முடிச்சு வெக்கறோம்."

"தகராறே இல்லீங்க கவுண்டரே! என்னை யாரும் தள்ளிவெக்கலீங்க" என்றேன்.

"அப்புறம் ஏனுங்கம்மா உங்க எடத்துல உங்கள எழுப்பி உட்டாரு?"

எங்கள் வழக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. அது வழக்கமும் இல்லை. "எங்க அண்ணனையே கேளுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

போய்க் கேட்டிருக்கிறார், சந்தை நாள் கூட்டத்தில், மண்டியில் நட்டநடுவில், தாம்பாளத்தோடு! என் வீட்டுக்காரர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். பொறந்தவளைத் தள்ளிவைத்த வீட்டோடு அந்தத் தகராறு தீரும்வரை கொடுக்கல் வாங்கல் வைப்பதில்லையாம் அவர்கள். மூட்டைகளை இறக்காமல் கழுதைமேலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

"நான் எங்கீங்க தள்ளிவெச்சேன்? என் தங்கச்சிங்க அவ! நாஞ் சோறு ஊட்டி வளத்தவ!" என்று அண்ணன் கத்தினாராம்.

"அப்பக் கூப்புட்டு உக்கார வெச்சிருங்க. முடிஞ்சுது" என்றாராம் கவுண்டர்.

எனக்கு இதில் சந்தோஷப்பட முடியவில்லை. நான் கேட்டேன், கத்தினேன், டீ குடிக்காமல் வந்தேன். ஒன்றும் அசையவில்லை. வேறொரு ஆம்பளை தாம்பாளத்தோடு வந்து கேட்டதும் அசைகிறது. என் நியாயத்துக்கு அவர்தான் வரவேண்டுமா? அதுவும் தப்பாகப் புரிந்துகொண்டு!

14 அக்டோபர்

அண்ணன் வந்தார். நின்றபடியே பேசினார்.

"வர்ற சந்தைக்கு மண்டபத்துல வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ. அவனுக பாக்கட்டும்."

"ஒரு நாளைக்கு மட்டும் உக்கார நானென்ன கல்யாணப் பொண்ணா?"

"சபுரா..."

"அண்ணி வருவாங்களா? மோதினார் சம்சாரம் வருவாங்களா? எனக்குன்னா எல்லாருக்கும். எப்பவும்."

"உம்மட்டுல உக்காரு. மத்தவங்களப் பத்திப் பேசாத."

போய்விட்டார். வேண்டாம். காட்சிப் பொருளாக நான் போய் உட்காரமாட்டேன்.

20 அக்டோபர், ஞாயிறு

போய் உட்கார்ந்தேன்.

காளியாயி மகளின் கைக்குழந்தை இருமுகிறது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு ஜன்னலில் நின்று கொள்கை பேச என்னால் முடியவில்லை. அண்ணனுக்காக இல்லை. எழுதிவைக்கிறேன், அண்ணனுக்காக இல்லை.

நான் பெஞ்சில் உட்கார்ந்த மறுநிமிஷம் அத்தனை பேரும் சாக்கை உதறிக்கொண்டு மேலே ஏறினார்கள். மோதினார் உள்ளே திரும்பிக்கொண்டார். கல் பெஞ்சு சில்லென்று இருந்தது. என் இடத்தில் நான் உட்கார இவ்வளவு ஆகியிருக்கிறது.

27 அக்டோபர்

அண்ணனின் புது ஏற்பாடு: மண்டபத்தின் ஒரு மூலையில் கயிறு கட்டி, பச்சைத் துணியில் ஒரு படுதா. அதற்குப் பின்னால் நான் உட்காரவேண்டுமாம். பிய்த்து எறியத்தான் போனேன்.

எனக்கு முன்னால் காளியாயி அதைக் கயிற்றிலிருந்து உருவி, நனைந்துவந்த பேரப்பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "நல்ல கெட்டித் துணிங்கம்மா. ஈரத்த நல்லா இழுக்குது" என்றாள்.

அது அப்புறம் கை கை மாறி எல்லாப் பிள்ளைகள் தலைக்கும் போயிற்று. மோதினார் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வாயோரம் சிரிப்பு இருந்தது, நான் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், எத்தனையோ மாசத்துக்குப் பிறகு.

3 நவம்பர்

படுதா திரும்ப மாட்டப்படவில்லை. ஆனாலும் நான் ஒருத்திதான். சாந்தாமேரி பக்கத்தில் இருக்கிறாள், காளியாயி இருக்கிறாள். ஜமாஅத்துப் பெண் ஒருத்தி இல்லை. கடைவீதிக்கு வருகிறவர்கள்கூட என்னைப் பார்த்ததும் துப்பட்டியை இழுத்துக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். "சபுராவுக்கென்ன, எடம் அவளுது" என்று பேசிக்கொள்கிறார்களாம். அதாவது எனக்கு மட்டும் ஒரு சலுகை. இதற்கா இத்தனை கூத்து? எனக்கு மட்டும் என்றால் அது அண்ணன் போட்ட பிச்சை.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். "வாங்க, ஒரு தடவ வந்து உக்காந்து பாருங்க." அண்ணி துணி மடித்துக்கொண்டே, "நான் எந்தப் பஸ்ஸுக்குப் போகணும், சபுரா?" என்றார்.

10 நவம்பர்

வரவில்லை. யாரும் வரவில்லை. எனக்கு இன்று உட்காரவே பிடிக்கவில்லை. மலைக்காரப் பெண்களுக்காகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

17 நவம்பர், ஞாயிறு

அஸருக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல மழை. மண்டபம் நிறைந்துவிட்டது. நான் நசீமாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். படியில் யாரோ தயங்கி நிற்பது தெரிந்தது. நிமிர்ந்தால் பல்கீஸ் அண்ணி. துப்பட்டி முழுக்க ஈரம். குடைகூட எடுத்துவரவில்லை.

எங்கே, ஒரு வார்த்தை சொன்னால் திரும்பிவிடுவாரோ என்று பயம். காளியாயி நகர்ந்து இடம் கொடுத்தாள். "குந்துங்க. எந்தூருக்குங்க போறீங்க? வெள்ளக்கடை பஸ்ஸுன்னா போயிருச்சுங்களே."

"எங்கயும் போகலீங்க" என்றார் அண்ணி. "சும்மா உக்காரலாம்னு வந்தேன்."

உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார், ஆரஞ்சுக் கூடைகளைப் பார்த்தார், கண்டக்டர் யாரையோ திட்டுவதைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் கடைவீதிக்குப் பின்னால்தான் அவர் வீடு. "இங்கிருந்து பாத்தா நம்ம மண்டி எவ்வளவு சின்னதாத் தெரியுது" என்றார் என்னிடம்.

தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்தார்கள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நான் சண்டைக்குத் தயாராக எழுந்துவிட்டேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணியைத்தான் பார்த்தார். நான்கு பேர் பார்க்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்தி, "மழ உட்டதும் ஊட்டுக்கு வந்துரு" என்றார்.

"சரிங்க" என்றார் அண்ணி.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. தலைச்சோலைக்காரர்கள் சாக்கை மடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். சாந்தாமேரியும் போய்விட்டாள். வெயில்கூட லேசாக அடித்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை.